ஒரு படிக்கு 13 புள்ளி

வளர்ந்த பிறகு கோ என்ற பலகை ஆட்டத்தைக் கற்றுக்கொண்ட ஒருவர் எவ்வளவு தூரம் முன்னேற முடியும்? கோ ஆடுகிறவர்கள் நாலு பேர் கூடினால் இந்தக் கேள்வி எப்படியும் வந்துவிடும். பதில்களும் பெரும்பாலும் இரண்டே வகைதான். சின்ன வயதில் தொடங்காவிட்டால் அவ்வளவுதான் என்பார்கள் ஒரு சாரார். உழைத்தால் எதுவும் முடியும் என்பார்கள் இன்னொரு சாரார். எனக்கு இரண்டிலும் உடன்பாடு இல்லை. இரண்டாவது தரப்பின் நல்லெண்ணம் பிடிக்கும், ஆனால் அது கேள்விக்குப் பதிலாகாது. எவ்வளவு தூரம் என்று கேட்டால் தூரத்தைச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்வதற்குக் கோ மிகவும் வசதியான ஆட்டம். திறமையை அளக்கும் கோல் ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது.

இதுவரை ஆடாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 19க்கு 19 கோடுகள், 361 சந்திப்புப் புள்ளிகள். கறுப்பும் வெள்ளையும் மாறி மாறிக் கல் வைக்கும். வைத்த கல் நகராது. ஒரு கல்லை ஒட்டியிருக்கும் காலிப் புள்ளிகள்தான் அதன் மூச்சு. எல்லாப் பக்கமும் மூச்சு அடைபட்டால் கல்லைப் பலகையிலிருந்து எடுத்துவிடுவார்கள். முடிவில் அதிக இடத்தை வளைத்தவர் வென்றவர். புதிதாக வருகிறவர் 30 கியூவில் தொடங்குவார். எண் குறையக் குறைய மேலே ஏறுகிறார் என்று அர்த்தம். 1 கியூவைத் தாண்டினால் 1 டான், அங்கிருந்து எண் கூடிக்கொண்டே போய் 7 டான் வரை அமெச்சூர் தரங்கள். இரண்டு பேருக்கிடையே எத்தனை படி வித்தியாசமோ அத்தனை கல்லை, பலம் குறைந்தவர் தொடக்கத்திலேயே பலகையில் வைத்துக்கொள்ளலாம். 5 கியூ ஆடுகிறவர் 1 டானிடம் ஐந்து கல் வாங்கி ஆடினால் யார் வெல்வார் என்று சொல்ல முடியாத நல்ல ஆட்டமாக அது அமையும்.

இந்த ஏற்பாட்டிலிருந்து ஒரு கணக்கு கிடைக்கிறது. சமபலம் உள்ளவர்கள் ஆடும்போது முதல் கல்லை வைக்கும் கறுப்புக்கு அனுகூலம் இருப்பதால் வெள்ளைக்கு ஈட்டுப் புள்ளி கொடுப்பார்கள். ஜப்பானிய விதிப்படி ஆறரை, சீன விதிப்படி ஏழரை. இதற்குக் கொமி என்று பெயர். முதலில் வைக்கும் உரிமையின் மதிப்பு ஒரு முழுக் கல்லில் பாதிதான், ஏனென்றால் கறுப்பு வைத்த உடனேயே வெள்ளையின் முறை வந்துவிடுகிறது. ஆகவே ஒரு முழுக் கல்லின் மதிப்பு ஏறத்தாழ 13, 14 புள்ளி. ஒரு படி வித்தியாசம் என்பதும் அதே 13, 14 புள்ளிதான்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு எனக்கு ஆட்டமே வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தது. பலகையில் 14 புள்ளி என்பது என்ன? ஏழு கல் கொண்ட ஒரு கூட்டம் செத்தால் அந்த அளவு போய்விடும். பிடிபட்ட கல்லுக்கு ஒன்று, அது இருந்த இடத்துக்கு ஒன்று, கல்லுக்கு இரண்டு வீதம் பதினான்கு. ஆட்டத்துக்கு ஒரு தடவை, ஏழு கல் கூட்டம் ஒன்றைச் சாகவிடாமல் காத்துக்கொள்ளத் தெரிந்துவிட்டால் ஒரு படி ஏறிவிட்டோம். 10 கியூ ஆடுகிறவரின் ஆட்டத்தை எடுத்துப் பாருங்கள். ஒரு கூட்டமா சாகிறது? மூன்று, நான்கு சாகும். எதிராளியின் மூன்று, நான்கு கூட்டங்கள் சாக வேண்டியவை தப்பிப் பிழைக்கும். 10 கியூவுக்கும் 1 டானுக்கும் நடுவே உள்ள 130 புள்ளி பெரும்பாலும் இங்கேதான் சிதறிக் கிடக்கிறது.

நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வருவது இதுதான்: அமெச்சூர் ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் தங்களுடைய உச்சவரம்புக்குப் பக்கத்தில்கூடப் போகாமலே நின்றுவிடுகிறோம். நம்மை நிறுத்துவது வயதோ மூளையோ என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் நிறுத்துவது, கல்லை வைப்பதற்கு முன் மனதுக்குள் ஆடிப் பார்க்காத பழக்கம்.

முதலில் மேலே இருக்கும் சுவரைப் பற்றிப் பேசிவிடலாம், ஏனென்றால் சுவர் இருக்கிறது. கொரியாவின் சோ ஹுன்ஹியூன் 1962ல் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனபோது அவருக்கு வயது ஒன்பது. லீ சேடோல் 1995ல், பன்னிரண்டு வயதில். ஜப்பானின் நகமுரா சுமிரே 2019ல், பத்து வயதில். ஜப்பானில் இன்செய் என்று அழைக்கப்படும் பயிற்சி மாணவர்கள் பள்ளிப் பருவத்திலேயே வாழ்க்கையின் பெரும்பகுதியை இந்த ஆட்டத்துக்குக் கொடுத்துவிடுகிறார்கள். தங்களைப் போன்ற பிள்ளைகளோடு வாராவாரம் மோதித் தரவரிசையில் ஏறி இறங்குகிறார்கள். அப்படியும் பெரும்பாலானோர் தொழில்முறைக்குள் நுழைவதில்லை. வேலைக்குப் போய் வந்து மாலையில் ஓர் ஆட்டம் ஆடுகிறவர் அந்தப் பாதையில் அவர்களை எட்டிப் பிடிக்க முடியாது. இதைச் சொல்வதில் வருத்தப்பட எதுவுமில்லை.

ஆனாலும் அந்தச் சுவரில் சில கதவுகள் திறந்திருக்கின்றன. 1978ல் ஆஸ்திரியாவின் மன்ஃப்ரெட் விம்மரும் அமெரிக்காவின் ஜேம்ஸ் கெர்வினும் ஜப்பானில் தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஆனார்கள். மேற்கு நாடுகளிலிருந்து அந்த இடத்துக்குப் போன முதல் இருவர் இவர்கள். இருவருமே அப்போது முப்பது வயதைத் தாண்டியிருந்தார்கள். அதற்காக ஊரை விட்டுக் கிளம்பி ஜப்பானில் தங்கி, ஆட்டத்தையே முழுநேர வாழ்க்கையாக மாற்றிக்கொண்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எனக்கு அதிகம் பிடித்த கதை சகாய் ஹிதெயுகியுடையது. கியோட்டோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தவர், மருத்துவர். 2000ஆம் ஆண்டு உலக அமெச்சூர் சாம்பியன் ஆனார். அடுத்த ஆண்டு, தொழில்முறை வீரர்களோடு சோதனை ஆட்டங்கள் ஆட வைத்துப் பார்த்துவிட்டு, ஜப்பானின் தொழில்முறை கோ சங்கங்களில் ஒன்றான கன்சாய் கி-இன் அவரை நேரடியாகத் தொழில்முறை 5 டானாகச் சேர்த்துக்கொண்டது. 2010ல் அன்றைய முன்னணி வீரர் சோ யூவைத் தோற்கடித்து கோசெய் பட்டத்தை வென்றார். ஜப்பானின் ஏழு பெரிய பட்டங்களில் அது ஒன்று. 2019ல் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்று மறுபடி மருத்துவத்துக்கே திரும்பிவிட்டார். மருத்துவப் பட்டம் வாங்கிய கையோடு கோ உலகத்தின் உச்சியைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்த மனிதர்.

கிகுச்சி யசுரோ கடைசி வரை அமெச்சூராகவே இருந்தார். 1929ல் பிறந்தவர். உருக்கு நிறுவனத்தில் வேலை. ஜப்பானின் அமெச்சூர் ஹொன்இன்போ பட்டத்தைப் பதின்மூன்று தடவை வென்றார். 1992ல், அறுபதைத் தாண்டிய வயதில், உலக அமெச்சூர் சாம்பியன் ஆனார். சிறுவர்களுக்காக ஒரு கோ பள்ளியும் நடத்தினார். பின்னாளில் பெரிய பட்டங்களை வென்ற யமஷிதா கெய்கோ அங்கே படித்தவர். சகாயும் கிகுச்சியும் சிறு வயதிலேயே ஆடத் தொடங்கியவர்கள் என்பதால், முப்பதில் தொடங்குகிறவருக்கு இவர்கள் நேரடி உதாரணம் ஆகமாட்டார்கள். இருந்தாலும் அமெச்சூர் என்ற அடையாளமே ஒரு பலவீனம் என்பது போல நாம் பேசுகிறோமே, அதை இந்த இருவரும் தகர்த்துவிடுகிறார்கள். வேறு தொழில் செய்துகொண்டே இந்த ஆட்டத்தை மிக ஆழமாக அறிய முடியும்.

சுவருக்கு அப்பால் இருப்பவர்களுக்கும் மேலே படிகள் உண்டு. 2018 ஜனவரியில், அப்போது உலகத்தின் முதல்நிலை வீரராகக் கருதப்பட்ட கே ஜியே, டென்சென்ட் நிறுவனத்தின் ஃபைன் ஆர்ட் என்னும் கணினி நிரலிடம் இரண்டு கல் வாங்கி ஆடித் தோற்றார். இரண்டு கல் என்றால் நம் கணக்கில் ஏறத்தாழ 27 புள்ளி. மனிதர்களில் மிகச் சிறந்தவருக்குமே அவ்வளவு இடம் பாக்கி இருக்கிறது என்று தெரிந்துகொண்டபோது எனக்கு ஒரு நிம்மதி வந்தது. ஆட்டம் நம் யாரைவிடவும் பெரியது. 3 கியூவில் நிற்கிறவரும் கே ஜியேயும் ஒரே பாதையில் வெவ்வேறு இடத்தில் நிற்கிறார்கள்.

சரி, நடுவில் இருக்கும் பெரிய வெளிக்கு வருவோம். 15 கியூவிலிருந்து 4, 5 டான் வரையுள்ள பகுதி. வளர்ந்த பிறகு கற்றுக்கொண்டவர்களுக்கு இது முழுக்கத் திறந்தே இருக்கிறது என்பது என் உறுதியான நம்பிக்கை. நான் பார்த்தவரை, ஒழுங்காக ஆடிப் பயிற்சி செய்கிறவர் முதல் ஓராண்டில் 10 கியூ பக்கத்தில் வந்துவிடுகிறார். 1 டானுக்குச் சில ஆண்டுகள் பிடிக்கும். ஆனால் போய்ச் சேர்ந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். 3 டானுக்கு மேல் கூட்டம் குறைகிறது. 5 டானை எட்டியவர்களில் வளர்ந்த பிறகு தொடங்கியவர்கள் அரிது, ஆனால் இருக்கிறார்கள்.

மேலே போகப் போக ஏன் கடினமாகிறது என்பதற்கு ஐரோப்பிய கோ கூட்டமைப்பின் தரப்புள்ளி முறையில் ஒரு நல்ல விளக்கம் ஒளிந்திருக்கிறது. அங்கே படிக்கு 100 புள்ளி. 1 டான் என்றால் 2100. ஆனால் அந்த 100 புள்ளி வித்தியாசத்துக்கு வெற்றி வாய்ப்பு எல்லா மட்டத்திலும் ஒன்றாக இருப்பதில்லை. கீழ்ப் படிகளில் ஒரு படி குறைந்தவர் மேலே இருப்பவரை அடிக்கடி வென்றுவிடுவார். மேல் படிகளில் அது சுலபத்தில் நடக்காது. காரணம் எளிது. கீழே இரண்டு பேருமே ஒரு கல்லில் 30 புள்ளியை இழந்துவிடக்கூடியவர்கள். அங்கே 13 புள்ளி வித்தியாசம் இரைச்சலில் கரைந்துவிடும். மேலே போகும்போது இருவர் ஆட்டமும் சீராகிறது, 13 புள்ளி பெரிய தொகையாகிவிடுகிறது. கீழே ஒரு தவறை நீக்கினால் ஒரு படி கிடைக்கும். மேலே பத்துச் சின்னச் சின்னக் கசிவுகளை அடைத்தால்தான் அதே ஒரு படி. 1 டானிலிருந்து 5 டானுக்குப் போக நான்கு கல், அதாவது ஐம்பத்து சொச்சம் புள்ளி. 250 கல் போகும் ஆட்டத்தில் நாம் வைப்பது 125. கல்லுக்கு அரைப் புள்ளிக்கும் குறைவு! கேட்க அற்பமாக இருக்கும். அந்த அரைப் புள்ளியைத் திரட்டத்தான் ஆண்டுகள் ஆகின்றன.

இப்போது அந்த மனதுக்குள் ஆடிப் பார்க்கும் விஷயம். கோ ஆட்டத்தில் இதைத்தான் ரீடிங் என்பார்கள். நான் இங்கே வைத்தால் அவர் அங்கே வைப்பார், அதற்கு நான் இப்படி, அவர் அப்படி, கடைசியில் என் கூட்டத்துக்கு இரண்டு கண் கிடைக்குமா? இவ்வளவுதான். ஒரு கூட்டம் உயிரோடு இருக்க, அது முழுக்கச் சூழ்ந்திருக்கும் காலி இடங்கள், அதாவது கண்கள், தனித்தனியாக இரண்டு வேண்டும். உள்ளே நேர்வரிசையில் மூன்று காலிப் புள்ளி இருந்தால் யார் முதலில் நடுவில் வைக்கிறாரோ அவர் நினைத்தது நடக்கும். நேர்வரிசையில் நான்கு இருந்தால் எதிராளி முதலில் வந்தாலும் கூட்டம் பிழைக்கும். அதே நான்கு சதுரமாக இருந்தால் நாமே முதலில் வைத்தாலும் சாவுதான். ஓரத்திலிருந்து இரண்டாம் கோட்டில் ஊர்ந்து போகும் கூட்டத்துக்கு ஆறு கல் சாகும், எட்டு வாழும். ஏழு என்றால் யார் முறை என்பதைப் பொறுத்தது. மூலையில் நான்கு சாகும், ஆறு வாழும். இவற்றைத் தெரிந்துவைத்திருப்பது அறிவு. அந்த வடிவம் பலகையில் உருவாவதற்கு எட்டுக் கல் முன்பே அது வரப்போகிறது என்று பார்ப்பது ரீடிங். இரண்டாவதைத்தான் நாம் தவிர்க்கிறோம்.

ஏன் தவிர்க்கிறோம் என்றால் அது களைப்பைத் தரும் வேலை. அதற்குப் பதிலாக மனம் வேறு இரண்டு வேலைகளைச் செய்து திருப்திப்பட்டுக்கொள்கிறது. ஒன்று, ஜோசெகி மனப்பாடம். மூலைகளில் இருவரும் நியாயமாகப் பங்கிட்டுக்கொள்ளும் நிலையான வரிசைகளுக்கு ஜோசெகி என்று பெயர். ஜோசெகி கற்றால் இரண்டு கல் பலம் குறையும் என்று கோ ஆடுகிறவர்களிடம் ஒரு பழமொழியே உண்டு. கற்கக் கூடாது என்று அது சொல்லவில்லை. ஒவ்வொரு கல்லும் ஏன் அங்கே போகிறது என்று மனதுக்குள் ஆடிப் பார்க்காமல் வரிசையை மட்டும் எடுத்துவந்தால், எதிராளி நான்காவது கல்லில் வரிசையை விட்டு விலகியதும் கையில் எதுவும் இருக்காது. இன்னொன்று, நிறைய ஆட்டம் ஆடுவது. ஐந்து நிமிட ஆட்டங்களை அடுத்தடுத்து ஆடும்போது நன்றாகப் பயிற்சி செய்வது போலத்தான் இருக்கும். ஆனால் ஐந்து நிமிடத்தில் மனம் ஏற்கெனவே தெரிந்ததை மட்டும் திரும்பத் திரும்பச் செய்யும். 8 கியூ பழக்கங்கள் அப்படியே இறுகிப்போகும். பல ஆண்டுகள் ஒரே படியில் நிற்கிறவர்களின் ஆட்ட வரலாற்றைத் திறந்து பாருங்கள். ஆயிரக்கணக்கில் வேக ஆட்டங்கள் இருக்கும்.

மனதுக்குள் ஆடிப் பார்க்கப் பழகுவதற்கு வழி பழையது: சுமெகோ. அதாவது, ஒரு கூட்டத்தைக் காப்பாற்று அல்லது கொல் என்னும் சின்னப் புதிர்கள். எல்லோரும் இதைச் சொல்கிறார்கள், பெரும்பாலோர் செய்தும் பார்க்கிறார்கள்; பலன் இல்லை என்கிறார்கள். செய்யும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. திரையில் புதிரைக் கண்டதும் கை ஓர் இடத்தைத் தொடுகிறது, தவறு என்று வருகிறது, அடுத்த இடத்தைத் தொடுகிறது, சரி என்று வருகிறது. அங்கே எதுவும் கற்கப்படவில்லை. எதிராளியின் மிக வலுவான பதிலையும் நாமே தேடிக் கண்டுபிடித்து, அதற்கும் நம்மிடம் பதில் இருக்கிறது என்று முழுசாகத் தெரிந்த பிறகுதான் முதல் கல்லைத் தொட வேண்டும். விடையைப் பார்க்கக் கூடாது. ஓரிரு நிமிடத்தில் விடை தெரியும் அளவுக்கு எளிதான புதிர்களாக நிறையச் செய்வதே நல்லது. கடினமானதில் ஒன்றை எடுத்து நாள் முழுக்க மனதில் வைத்துக்கொள்ளலாம். நான் காலையில் வேறு எதையும் தொடுவதற்கு முன் சில புதிர்கள் பார்க்கிறேன். எளிதான நேரம் அது. அன்றைய களைப்பு இன்னும் சேர்ந்திருக்காது.

ரீடிங் வந்தாலும் இன்னொரு கசிவு இருக்கிறது. எதிராளி கல் வைத்த இடத்திலேயே நாமும் பதில் வைப்பது. அவர் ஓரத்தில் தட்டுகிறார், நாம் தடுக்கிறோம். இன்னொரு பக்கம் தட்டுகிறார், அங்கேயும் தடுக்கிறோம். சேன்டே என்பது ஆட்டத்தின் போக்கைக் கையில் வைத்திருக்கும் உரிமை. பதில் சொல்லிக்கொண்டே இருப்பவரிடம் அது ஒருபோதும் இருக்காது. இவர் இங்கே வைத்ததற்குப் பதில் சொல்லாமல் விட்டால் எனக்கு என்ன நஷ்டம் என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ள வேண்டும். நஷ்டம் ஆறு புள்ளி, வேறிடத்தில் பதினைந்து புள்ளிக்கு ஒரு பெரிய இடம் காலியாக இருக்கிறது என்றால் அங்கே போக வேண்டும். சொல்வது சுலபம். கண்ணெதிரே நம் இரண்டு கல் பிடிபடுவதைப் பார்த்துக்கொண்டு வேறு பக்கம் போக மனம் ஒப்பாது. தாங் காலத்துச் சீனாவின் வாங் ஜிசின் என்பவர் பெயரால் வழங்கும் பத்து விதிகளில் இரண்டு இதையே சொல்கின்றன: சிறியதை விட்டுவிட்டுப் பெரியதைப் பிடி, கல்லைக் கொடுத்து முந்துரிமையை வாங்கு. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே கோ ஆடியவர்களுக்கும் இதே பற்று இருந்திருக்கிறது. இல்லாவிட்டால் அதை விதியாக எழுதிவைக்கத் தேவை வந்திருக்காது.

2016க்குப் பிறகு இந்தப் பேச்சில் புது விருந்தாளி ஒருவர் வந்து உட்கார்ந்துவிட்டார். அந்த ஆண்டு மார்ச்சில் ஆல்ஃபாகோ என்னும் கணினி நிரல் லீ சேடோலை 4-1 என்று வென்றது. 2019ல் டேவிட் வூ உருவாக்கி இலவசமாகத் திறந்துவிட்ட கடாகோ நிரல் வந்தது. இன்று சாதாரணக் கணினி வைத்திருக்கும் யாரும் உலக சாம்பியனைவிடப் பலமான ஓர் ஆட்டக்காரரை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். கடாகோவிடம் எனக்கு மிகவும் பிடித்த அம்சம், வெற்றி வாய்ப்பை மட்டும் சொல்லாமல் புள்ளிக் கணக்கையும் சொல்வது. இந்தக் கல்லால் 11 புள்ளி போயிற்று என்று சொல்லும்போது, ஒரு படி எந்த இடத்தில் போயிற்று என்று விரலை வைத்துக் காட்டிவிடலாம்.

ஆட்டம் முடிந்ததும் உடனே கடாகோவைத் திறப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முதலில் நாமே ஆட்டத்தைத் திரும்ப ஆடிப் பார்த்து, எங்கே தோற்றோம் என்று நினைக்கிறோமோ அந்த மூன்று, நான்கு இடங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு நிரலிடம் கொடுக்க வேண்டும். நாம் குறித்த இடமும் அது காட்டும் இடமும் பொருந்தாதபோதுதான் பாடம் நடக்கிறது. கியூ தரத்தில் இருப்பவர் பெரும்பாலும் தொடக்கத்தில் ஏதோ திசை மாறிப் போய்விட்டதாக நினைப்பார். நிரல் தொடக்கத்தில் ஒன்று, ஒன்றரைப் புள்ளிதான் போனதாகக் காட்டும். 94ஆவது கல்லில், தானாகப் பிழைக்கும் என்று நம்பிப் பார்க்காமல் விட்ட கூட்டத்தில் 35 புள்ளி போயிருக்கும். நிரலின் முதல் விருப்பத்தை அப்படியே பின்பற்றுவது பழைய ஜோசெகி மனப்பாடத்தின் புது வடிவம். தொடக்கத்திலேயே மூலையின் மூன்று-மூன்று புள்ளியில் (இரண்டு ஓரங்களிலிருந்தும் மூன்றாம் கோடு) புகுவதை எல்லோரும் காப்பியடித்தோம். அதற்குப் பின்னால் எதிராளிக்குக் கிடைக்கும் வெளிச்சுவரை, அதாவது பலகையின் நடுவைப் பார்த்து நிற்கும் கல்வரிசையை, எப்படிப் பயனற்றதாக்குவது என்று தெரிந்தவர்களுக்குத்தான் அது உதவியது. நாம் வைத்திருக்கக்கூடிய கல்லும் நிரல் சொல்லும் கல்லும் ஒரு புள்ளி வேறுபட்டால் நம்முடையதையே வைத்துக்கொள்வது நல்லது. அதன் தொடர்ச்சி நமக்குப் புரியும்.

திறமை பிறவியிலேயே வருகிறதா என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. கோ பற்றிய ஆய்வுகள் குறைவு. பக்கத்து வீடான சதுரங்கத்தில் ஒன்று என் மனதில் நிற்கிறது. 2007ல் ஃபெர்னாண்ட் கோபேயும் கில்லெர்மோ காம்பிட்டெல்லியும் அர்ஜென்டினாவின் சதுரங்க வீரர்களை ஆராய்ந்தார்கள். மாஸ்டர் தரத்தை அடைய ஒருவருக்கு ஏறத்தாழ 3,000 மணி நேரப் பயிற்சி போதுமாக இருந்தது, இன்னொருவருக்கு 23,000 மணி நேரத்துக்கும் மேல் தேவைப்பட்டது. ஏழெட்டு மடங்கு வித்தியாசம். இதைப் பார்த்து உழைப்பு போதும் என்றும் சொல்ல முடியாது, பிறவித் திறமைதான் எல்லாம் என்றும் சொல்ல முடியாது. 23,000 மணி நேரம் செலவழித்தவரும் அதே தரத்தை அடைந்தார் என்பதை நான் பிடித்துக்கொள்கிறேன். நமக்கு எத்தனை மணி நேரம் தேவை என்பது முன்கூட்டித் தெரியாது. அடுத்தவரின் வேகத்தோடு ஒப்பிட்டு நமக்கு வராது என்று முடிவு கட்டுவதற்கு அந்த எண்களில் எந்த ஆதாரமும் இல்லை.

வயதைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேகம் குறையும் என்பது உண்மை. கடைசி முப்பது வினாடி எண்ணிக்கையில் ஐம்பது வயதுக்காரர் பதினைந்து வயதுக்காரரோடு போட்டி போட வேண்டியதில்லை. நேரம் அதிகமுள்ள ஆட்டங்களைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஜப்பானின் சுகியுச்சி மசாவோ 2017ல் 97 வயதில் இறக்கும் வரை தொழில்முறை ஆட்டக்காரராகவே இருந்தார். தன் பேரப்பிள்ளைகளின் வயதுள்ளவர்களோடு அதிகாரபூர்வப் போட்டிகளில் உட்கார்ந்து ஆடினார். நாற்பதில் தொடங்கினால் தாமதம் என்று ஒருவர் என்னிடம் சொல்லும்போதெல்லாம் அவரைத்தான் நினைத்துக்கொள்கிறேன். நாற்பதில் தொடங்குகிறவர் முன்னால் சுகியுச்சியின் கணக்குப்படி இன்னும் ஐம்பது ஆண்டுக்கு மேல் இருக்கிறது.

பலமானவர்களோடு ஆடுவது பற்றிப் பலருக்கும் ஒரு கூச்சம் உண்டு. ஹேண்டிகேப் கல் வாங்குவதை அவமானமாக நினைத்துச் சமமாக ஆடி, ஐம்பதாவது கல்லிலேயே தோற்றுப்போய்விடுகிறார்கள். இது பெரிய இழப்பு. நான்கு கல் வாங்கி ஆடினால் ஆட்டம் கடைசி வரை உயிரோடு இருக்கும். நமக்கு முன்னமே இருக்கும் அனுகூலத்தை அவர் எப்படித் துண்டு துண்டாகத் தின்கிறார் என்று ஒவ்வொரு கல்லாகப் பார்க்கலாம். அவர் அடிக்கும் இடமெல்லாம் நாம் மனதுக்குள் ஆடிப் பார்க்காமல் விட்ட இடமாகத்தான் இருக்கும். வாரத்துக்கு இப்படி ஒரு நிதானமான ஆட்டம், முடிந்ததும் அவரோடு பத்து நிமிடம் பேச்சு. முப்பது வேக ஆட்டங்களைவிட இது அதிகம் கற்றுத்தரும். நான் ஆடிய பலமான ஆட்டக்காரர்களில் ஆட்டத்துக்குப் பிறகு பேச மறுத்தவர் யாரும் நினைவில் இல்லை. பலகையைக் கலைக்காமல் உட்கார்ந்து, அங்கே என்ன நினைத்தீர்கள் என்று அவர்களே கேட்பார்கள்.

கூட்டங்கள் சாவது நின்று, பதில் சொல்லும் பழக்கமும் குறைந்த பிறகு, அடுத்த கதவு எண்ணுவது. யார் முன்னால் இருக்கிறார், எத்தனை புள்ளி? இது தெரியாமல் ஆடுகிறவர் முன்னால் இருக்கும்போது தேவையில்லாத சண்டை பிடிப்பார், பின்னால் இருக்கும்போது பத்திரமாக ஆடித் தோற்பார். தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஆட்டத்துக்கு நடுவே பல தடவை எண்ணுகிறார்கள். அமெச்சூர்களில் 1 டானைத் தாண்டியவர்கள்கூட எண்ணாமல், நன்றாக இருக்கிறது அல்லது மோசமாக இருக்கிறது என்ற உணர்வை வைத்து ஆடுகிறோம். எண்ணுவதற்குத் தனித் திறமை எதுவும் வேண்டாம். உறுதியான இடங்களை இரண்டிரண்டாகக் கூட்டி, உறுதியில்லாத இடங்களுக்கு நியாயமான ஒரு மதிப்பைப் போட்டு, கொமியைச் சேர்த்தால் முடிந்தது. ஒரு நிமிட வேலை. 1 டானிலிருந்து மேலே போக விரும்புகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: நூறாவது கல்லில் நிறுத்தி எண்ணுங்கள், எண்ணைத் தாளில் எழுதுங்கள், ஆட்டம் முடிந்ததும் கடாகோவின் எண்ணோடு ஒப்பிடுங்கள். இப்போதைக்கு என் ஆட்டங்களிலும் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். அமைதியான ஆட்டங்களில் என் எண் கடாகோவுக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. நடுவில் பெரிய சண்டை ஓடும் ஆட்டங்களில் இன்னும் பத்துப் புள்ளி வரை தள்ளி நிற்கிறது, குறிப்பாக என் பக்கம் வெளிச்சுவர் இருக்கும்போது. சுவருக்கு எவ்வளவு மதிப்புப் போடுவது என்பதில்தான் இந்த மாதங்களில் என் கவனமெல்லாம்.